குவாட்டர்பேக் கோச் ஆனால் என்ன நடக்கும்?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு இரண்டு விஷயங்களில் லேசில் நம்பிக்கை வராது. மாணவர்கள் ஆடும் ஆட்டத்தைப் பார்க்கச் சனிக்கிழமைதோறும் ஸ்டேடியங்கள் நிரம்பி வழிகின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். இது ஒன்று. இன்னொன்று, அங்கே பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களில் முதல் இடம் ஆளுநருக்கு இல்லை, மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துக் கோச்சுக்கு.

பந்தைத் தொடக்கூடச் செய்யாத ஒரு மனிதருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? இதை விதிமுறைப் புத்தகத்தை வைத்து விளக்குவதைவிட ஒரே ஒரு ஆளை வைத்து விளக்குவது சுலபம். அந்த ஆள் ஸ்டீவ் ஸ்பரியர். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் குவாட்டர்பேக்காக, அதாவது மைதானத்தில் அணியின் தாக்குதலை நடத்துபவராக, ஆடி நாட்டின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர். பிறகு அதே பல்கலைக்கழகத்துக்குக் கோச்சாகத் திரும்பி வந்து தேசிய சாம்பியன் பட்டத்தையும் வாங்கிக் கொடுத்தவர்.

முதலில் ஆட்டம். இது மெஸ்ஸி ஆடும் கால்பந்து அல்ல. இரண்டு முனையும் கூம்பிய பந்து, தலையில் ஹெல்மெட், தோளில் கவசம், ஆளை ஆள் மோதி வீழ்த்தும் ஆட்டம். மைதானத்தின் நீளம் 100 யார்டு, ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து கையில் உள்ள அணிக்கு நான்கு வாய்ப்புகள் தரப்படும். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்பு. முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. அதன் பிறகு பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக 1 புள்ளி. உதைக்காமல் இன்னொரு முறை எல்லைக் கோட்டைத் தாண்டிக் காட்டினால் 2 புள்ளி. டச்டவுன் கிடைக்காது என்று தோன்றும்போது தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைப்பதுதான் ஃபீல்டு கோல், அதற்கு 3 புள்ளி. ஆரம்பத்துக்கு இது போதும்.

இந்த ஆட்டத்தின் உயிர் அதன் இடைவெளியில் இருக்கிறது. கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் பிறகு ஆட்டம் நிற்பதுபோல இங்கே ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் ஆட்டம் நிற்கும். அடுத்த முயற்சி தொடங்குவதற்குள் 11 பேரும் என்ன செய்யப் போகிறார்கள் என்று முடிவாகிவிட வேண்டும். யார் எந்தப் பக்கம் ஓடுவது, யார் யாரைத் தடுப்பது, பந்தை எறிவதா, கையில் கொடுத்து ஓடவிடுவதா என்று எல்லாமே முன்கூட்டியே வரைந்து வைத்த திட்டம்தான். இந்தத் திட்டத்துக்கு ‘ப்ளே’ என்று பெயர். ஒரு அணியின் கையில் நூற்றுக்கணக்கான ப்ளேக்கள் இருக்கும். அந்த நிமிடத்துக்கு எது பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பவர் கோச், அல்லது அவருடைய உதவியாளர். அதை மைதானத்தில் நடத்திக் காட்டுபவர் குவாட்டர்பேக்.

குவாட்டர்பேக் கைக்குப் பந்து வந்து சேர்ந்ததும் அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று விநாடி. அதற்குள் எதிரணித் தடுப்பாளர்கள் எங்கே நிற்கிறார்கள், தன் ஆட்களில் யாருக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று பார்த்து எறிந்தாக வேண்டும். தாமதித்தால் 120 கிலோ எடையுள்ள ஒருவர் வந்து மோதுவார். இதே கேள்விகளுக்கு மைதான ஓரத்தில் நின்று, மோதலுக்குப் பயப்படாமல், கொஞ்சம் சாவகாசமாகப் பதில் தேடுவதுதான் கோச்சின் வேலை. முன்னாள் குவாட்டர்பேக்குகள் பலர் கோச்சாவது இதனால்தான். ஆனால் அவர்கள் எல்லோரும் நல்ல கோச்சாகிவிடுவதில்லை. ஸ்பரியர் வேறு வகை. என்னைக் கேட்டால், அவர் குவாட்டர்பேக் வேலையை விடவே இல்லை. இடம் மட்டும் மாறியது, கோட்டுக்கு உள்ளேயிருந்து வெளியே.

ஆடிய காலம்

1945இல் மியாமி பீச்சில் பிறந்தார். அப்பா பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகர். வளர்ந்தது டென்னசி மாநிலத்தின் ஜான்சன் சிட்டியில். அங்கிருந்து கெயின்ஸ்வில் நகரில் உள்ள ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கு ஆட வந்தார். அணியின் பெயர் கேட்டர்ஸ், அதாவது முதலைகள்.

1966 ஜனவரி 1ஆம் தேதி, சீசன் முடிந்து புத்தாண்டையொட்டி நடக்கும் சுகர் பவுல் ஆட்டம், எதிரணி மிசௌரி. கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது ஃபுளோரிடா 20-0 என்று பின்தங்கியிருந்தது. ஸ்பரியர் வரிசையாக மூன்று டச்டவுன் அடித்துக் கொடுத்தார். மூன்று முறையும் அணி 1 புள்ளிக்கு உதைக்காமல் 2 புள்ளிக்கு முயன்றது, மூன்றும் தோல்வி. முடிவு 20-18. மூன்று தடவையும் சும்மா உதைத்திருந்தால் 21-20 என்று ஜெயித்திருக்கலாம். தோற்ற அணியில் இருந்தபோதும் ஆட்ட நாயகன் விருது ஸ்பரியருக்குத்தான் போனது. மைதான ஓரத்தில் எடுக்கப்படும் முடிவு உள்ளே ஆடுகிறவனின் உழைப்பை என்ன செய்துவிடும் என்பதற்கு இதைவிடச் சின்ன கணக்கு கிடைக்காது.

அதே ஆண்டு அக்டோபரில் ஆபர்ன் அணியோடு ஆட்டம். 27-27 என்று சமநிலை, முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். பந்து கம்பத்திலிருந்து 40 யார்டு தள்ளி நிற்கிறது. வழக்கமாக உதைக்கிறவருக்கு அது கொஞ்சம் அதிகத் தூரம். ஸ்பரியர், நானே உதைக்கிறேன் என்று முன்வந்தார். உதைத்தார், போனது. 30-27. குவாட்டர்பேக் ஃபீல்டு கோல் உதைப்பது அந்தக் காலத்திலும் அபூர்வம். ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்குத் தரும் ஹெய்ஸ்மன் டிராஃபி 1966இல் அவருக்குக் கிடைத்ததில் அந்த ஒரு உதைக்குப் பெரிய பங்கு உண்டு என்று பலரும் சொல்வார்கள்.

டிராஃபியை வாங்கிய கையோடு அதைப் பல்கலைக்கழகத் தலைவரிடம் கொடுத்துவிட்டார். மாணவர்கள் பணம் திரட்டி அவருக்கு ஒரு நகல் செய்து தந்தார்கள். அதற்குப் பிறகுதான் வீரருக்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று என்று இரண்டு டிராஃபி கொடுக்கும் வழக்கம் வந்தது.

அந்த ஆண்டில் ஒரு கசப்பும் உண்டு. ஏழு ஆட்டம் தோற்காமல் போய்க்கொண்டிருந்த அணியை ஜார்ஜியா 27-10 என்று வீழ்த்தியது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அவர் வைத்துக்கொண்டார்.

அடுத்தது தொழில்முறை ஆட்டம், அதாவது என்.எஃப்.எல். 1967இல் நாட்டிலேயே மூன்றாவது ஆளாகத் தேர்வாகி சான் ஃபிரான்சிஸ்கோ 49ர்ஸ் அணிக்குப் போனார். போனவர் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்தார். ஜான் பிராடி என்ற மூத்த குவாட்டர்பேக் நன்றாக ஆடிக்கொண்டிருந்ததால் ஸ்பரியருக்கு மிஞ்சியது பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்தனுப்பும் வேலை. 1972இல் பிராடிக்குக் காயம்பட்டபோது உள்ளே வந்து அணியைப் பிரிவில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார், அதோடு சரி. ஒன்பது ஆண்டு அங்கே இருந்துவிட்டு, 1976இல் புதிதாகத் தொடங்கிய டாம்பா பே பக்கனீர்ஸ் அணிக்கு வந்தார். அந்த அணி அந்த ஆண்டு ஆடிய 14 ஆட்டத்திலும் தோற்றது. ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. அதன் குவாட்டர்பேக் இவர்தான். அத்துடன் ஆட்டக்காரர் வாழ்க்கை முடிந்தது.

பெஞ்சில் கழிந்த அந்த ஆண்டுகளை வீண் என்று நான் நினைக்கவில்லை. உள்ளே ஆடுகிறவனுக்கு எதிரே வருகிற ஆள் மட்டும்தான் தெரிவான். ஓரத்தில் இருப்பவனுக்கு 22 பேரும் தெரிவார்கள்.

கோச் வேலைக்குள் நுழைவது

கல்லூரிக் கோச் வேலைக்கு ஒரு ஏணி இருக்கிறது. கீழே ஒரு பிரிவைக் கவனிக்கும் உதவிக் கோச். அதற்கு மேலே தாக்குதல் முழுவதையும் திட்டமிடும் ஒருங்கிணைப்பாளர், தடுப்புக்கும் அதேபோல ஒருவர். உச்சியில் தலைமைக் கோச். தலைமைக் கோச்சை நீக்கினால் கீழே உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் வேலை போய்விடும். ஸ்பரியர் ஏணியின் முதல் படியிலேயே அதைப் பார்த்துவிட்டார். 1978இல் ஃபுளோரிடாவில் குவாட்டர்பேக்குகளுக்குக் கோச். அந்த ஆண்டு முடிவில் மொத்தக் குழுவும் வீட்டுக்குப் போனது. 1979இல் ஜார்ஜியா டெக், அங்கேயும் அதே கதை. 1980இல் டியூக் பல்கலைக்கழகத்தில் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர். பிறகு யு.எஸ்.எஃப்.எல். என்ற புது லீக்கில் டாம்பா பே பேண்டிட்ஸ் அணிக்குத் தலைமைக் கோச். மூன்று சீசன் நன்றாகவே ஜெயித்தார். லீக்தான் திவாலாகி மூடிவிட்டது.

1987இல் டியூக் அவரைத் தலைமைக் கோச்சாகத் திரும்ப அழைத்தது. டியூக் என்றால் கூடைப்பந்து. கால்பந்தில் அந்தப் பெயரைக் கேட்டால் எதிரணிகள் சந்தோஷப்படுகிற நிலை. அந்த அணி 1989இல் தன் லீக்கில் வர்ஜீனியாவோடு சேர்ந்து முதலிடம் பிடித்தது. 1962க்குப் பிறகு முதல் பட்டம். கடைசி ஆட்டத்தில் பக்கத்து ஊர்ப் பரம எதிரியான நார்த் கரோலினாவை அவர்களுடைய ஸ்டேடியத்திலேயே 41-0 என்று அடித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் ஸ்பரியர் தன் அணி முழுவதையும் நிற்கவைத்து அந்த ஸ்கோர்போர்டுக்குக் கீழே ஒரு குரூப் ஃபோட்டோ எடுத்துக்கொண்டார். நார்த் கரோலினாக்காரர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஃபுளோரிடா, 1990

இங்கே எஸ்.இ.சி. பற்றி ஒரு வார்த்தை. கல்லூரி அணிகள் நாடு முழுவதற்கும் ஒரே லீக்கில் ஆடுவதில்லை. பகுதிவாரியாகச் சேர்ந்து ஆடுகின்றன. தென்கிழக்கு மாநிலங்களின் லீக்குக்குத்தான் எஸ்.இ.சி. என்று பெயர். அலபாமா, ஜார்ஜியா, டென்னசி, ஆபர்ன் என்று அங்கே கால்பந்து கிட்டத்தட்டக் குலதெய்வம். ஃபுளோரிடா 1930களின் தொடக்கத்திலிருந்து அதில் உறுப்பினர். ஆனால் ஸ்பரியர் வரும்வரை கணக்கில் நிற்கும் பட்டம் ஒன்றுகூட இல்லை. 1984இல் ஜெயித்ததும் விதிமீறலுக்காகப் பறிக்கப்பட்டுவிட்டது.

அன்றைய எஸ்.இ.சி. அணிகள் பெரும்பாலும் பந்தைக் கையில் கொடுத்து ஓடவிடும். மூன்று யார்டு, நான்கு யார்டு என்று முட்டிமோதி நகரும். எறிவது ஆபத்து, எதிரணி நடுவில் புகுந்து பிடித்துவிடலாம் என்ற பயம். ஸ்பரியர் எறிந்தார். முதல் முயற்சியிலேயே எறிந்தார், முன்னிலையில் இருக்கும்போதும் எறிந்தார், சும்மா ஓடவிட்டு நேரத்தைக் கடத்தலாம் என்று எல்லோரும் நினைக்கும்போதும் தூரத்துக்கு எறிந்தார்.

அது எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். தடுக்கும் அணியின் பின்வரிசையில் இரண்டு காவலர்கள் இருப்பார்கள். இருவரும் பின்னால் ஆளுக்கொரு பக்கம் விலகி நின்றால் நடு மைதானம் காலி. ஒருவர் மட்டும் நடுவில் நின்றால் இரண்டு ஓரமும் காலி. இப்போது பந்தைப் பிடிக்க ஓடுகிறவர் முன்கூட்டியே வரைந்த ஒரே பாதையில் ஓடத் தேவையில்லை. காவலர்கள் எப்படி நிற்கிறார்கள் என்று ஓடிக்கொண்டே பார்த்து, நடுவுக்கு வெட்டுவதா, ஓரமாகப் போவதா என்று முடிவெடுக்கலாம். சிக்கல் என்னவென்றால், குவாட்டர்பேக்கும் அதே நொடியில் அதே முடிவுக்கு வந்திருக்க வேண்டும். ஏனென்றால் ஓடுகிறவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பந்து கையைவிட்டுக் கிளம்பிவிடும். இருவரும் ஒன்றாக நினைத்தால் டச்டவுன். வேறு வேறாக நினைத்தால் பந்து எதிரணியின் கையில்.

இதைக் கற்றுக்கொடுப்பதுதான் ஸ்பரியரின் உண்மையான திறமை, அவருடைய பொறுமையின்மைக்கும் அதுதான் காரணம். தப்பாக எறிந்த குவாட்டர்பேக்கை அடுத்த நிமிடமே வெளியே இழுத்துவிடுவார். தலையில் தொப்பியின் மேல்பகுதி இல்லாத வைசர் ஒன்றை எப்போதும் அணிந்திருப்பார். கோபம் வந்தால் அதைக் கழற்றித் தரையில் அடிப்பார். தொலைக்காட்சிக் கேமராக்கள் அதற்காகவே காத்திருக்கும்.

1993இல் கென்டக்கி ஆட்டம் ஒன்று. ஃபுளோரிடாவின் இரண்டு குவாட்டர்பேக்குகள், டெரி டீனும் டேனி வர்ஃபலும், சேர்ந்து ஏழு முறை பந்தை எதிரணி கையில் எறிந்தார்கள். ஏழு முறை அப்படி எறிந்த அணி பொதுவாக ஜெயிக்காது. ஆனால் முடிய மூன்று விநாடி இருக்கும்போது வர்ஃபல் நடு மைதானத்தில் கிறிஸ் டோரிங்கைக் கண்டுபிடித்து 28 யார்டு எறிந்தார், டச்டவுன். 24-20. ஏழு தப்பு நடந்த பிறகும் ப்ளேயை மாற்றிப் பத்திரமாக ஓடவிட வேண்டும் என்று கோச்சுக்குத் தோன்றவில்லை பாருங்கள். அது துணிச்சலா பிடிவாதமா என்று இன்றைக்கும் வாதாடலாம். ஜெயித்ததால் துணிச்சல் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

1990இலேயே அணி நன்றாக ஆடியது. ஆனால் முந்தைய நிர்வாகத்தின் விதிமீறலுக்கான தண்டனைக் காலம் என்பதால் பட்டம் கிடையாது. 1991இல் முதல் எஸ்.இ.சி. பட்டம். பிறகு 1993, 94, 95, 96 என்று தொடர்ந்து நான்கு, 2000இல் இன்னொன்று. சொந்த ஸ்டேடியத்துக்குச் சதுப்புநிலம் என்று அவர் வைத்த செல்லப்பெயர் இன்றும் நிற்கிறது. முதலைகள் மட்டும்தான் அங்கிருந்து உயிரோடு வெளியே வரும் என்பது அவர் கணக்கு.

ஜார்ஜியாவை மறக்கவில்லை என்று சொன்னேன் அல்லவா. ஃபுளோரிடாவில் இருந்த 12 ஆண்டில் அவர்களோடு 12 ஆட்டம், 11 வெற்றி. வழக்கமாக இந்த ஆட்டம் ஜாக்சன்வில்லில் நடக்கும். அங்கே ஸ்டேடியத்தைப் புதிதாகக் கட்டியதை ஒட்டி 1995 ஆட்டம் ஜார்ஜியாவின் சொந்த ஊரான ஏதென்ஸில் நடந்தது. ஆட்டம் எப்போதோ கைக்கு வந்துவிட்டது, கடைசி நிமிடங்கள். அப்போதும் எறியச் சொன்னார். 52-17. இந்த ஸ்டேடியத்தில் எந்த எதிரணியும் ஐம்பதைத் தொட்டதில்லை என்று கேள்விப்பட்டேன், அதனால்தான் என்று பிறகு சாவகாசமாகச் சொன்னார். 1966க்கு வட்டியோடு வசூல். எனக்கு இந்தக் குணம் அவ்வளவாகப் பிடிக்காது. தோற்றுக் களைத்த இருபது வயதுப் பையன்கள் மீதுதான் அந்த வட்டி விழுகிறது. ஆனால் இதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதினால் அது வேறு யாரையோ பற்றிய கட்டுரையாகிவிடும்.

1996: ஒரே அணியோடு இரண்டு ஆட்டம்

அன்றைய கல்லூரிக் கால்பந்தில் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்க நாக்-அவுட் போட்டி கிடையாது. அது 2014இல்தான் வந்தது. அன்றைக்குப் பத்திரிகையாளர்களும் கோச்சுகளும் வாரந்தோறும் ஓட்டுப் போட்டுத் தரவரிசை வெளியிடுவார்கள். புத்தாண்டையொட்டி ‘பவுல்’ என்ற பெயரில் நடக்கும் ஆட்டங்கள் முடிந்த பிறகு கடைசி ஓட்டில் யார் முதலிடமோ அவர்தான் சாம்பியன். ஒரு தோல்வி போதும், பெரும்பாலும் கனவு கலைந்துவிடும்.

நவம்பர் 30, 1996. தோற்காமல் வந்துகொண்டிருந்த ஃபுளோரிடாவை அதே மாநிலத்தின் ஃபுளோரிடா ஸ்டேட் 24-21 என்று வென்றது. வர்ஃபல் அன்று எழுந்து எறிவதற்குள் மோதி மோதி வீழ்த்தப்பட்டார். பந்தை எறிந்து முடித்த பிறகும் தன் பையனை இடிக்கிறார்கள் என்று ஸ்பரியர் வாரக்கணக்கில் பத்திரிகைகளில் புலம்பினார்.

அதன் பிறகு அதிர்ஷ்டம் வரிசையாக வந்தது. சுகர் பவுலுக்குப் போகவிருந்த நெப்ராஸ்கா எதிர்பாராமல் டெக்சாஸிடம் தோற்றது. அதனால் சுகர் பவுலில் ஃபுளோரிடா ஸ்டேட்டோடு மறுபடி மோதும் வாய்ப்பு. அதற்கு முதல் நாள் வேறொரு பவுல் ஆட்டத்தில், அதுவரை தோற்காமல் வந்த அரிசோனா ஸ்டேட் கடைசி நொடிகளில் தோற்க, சுகர் பவுலில் ஜெயிப்பவருக்கே சாம்பியன் பட்டம் என்றாகிவிட்டது.

புலம்பியது ஒருபுறம் இருக்கட்டும், இடையில் கிடைத்த ஒரு மாதத்தில் ஸ்பரியர் செய்த மாற்றம் சின்னது. வழக்கமாகக் குவாட்டர்பேக் பந்தைக் கொடுப்பவரின் முதுகை ஒட்டி நின்று கைக்குக் கை வாங்குவார். வாங்கிய பிறகு பின்னால் ஓடி, நின்று, எறிய வேண்டும். அப்படிப் பின்னால் போகும்போது பார்வை முழுதாக முன்னால் இருக்காது. இதற்கு மாற்று, முதலிலேயே சில யார்டு பின்னால் தள்ளி நின்று பந்தைக் காற்றில் வாங்குவது. ஷாட்கன் என்று அதற்குப் பெயர். ஸ்பரியருக்கு அது அவ்வளவாகப் பிடிக்காத முறை. ஆனால் மோத வருகிறவர்களுக்கும் வர்ஃபலுக்கும் நடுவில் சில யார்டு கூடுதலாகக் கிடைத்தால் ஒரு நொடி கூடுதலாகக் கிடைக்கும், அது போதும் என்று கணக்குப் போட்டார். 1997 ஜனவரி 2ஆம் தேதி அந்தக் கணக்கு பலித்தது: 52-20. அதே இரண்டு அணிகள், நடுவில் ஐந்து வாரம்கூட இல்லை. ஃபுளோரிடாவுக்கு முதல் தேசிய சாம்பியன் பட்டம். அந்த ஆண்டு ஹெய்ஸ்மன் டிராஃபி வர்ஃபலுக்கு. ஹெய்ஸ்மன் வாங்கியவர் பயிற்சி கொடுத்து இன்னொருவர் ஹெய்ஸ்மன் வாங்கியது அதுவே முதல் முறை.

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த ஆண்டு நடந்தது. இன்று குவாட்டர்பேக் ஹெல்மெட்டுக்குள் ஒரு சின்ன ரேடியோ இருக்கிறது, கோச் பேசுவது நேராகக் காதில் விழும். கல்லூரி ஆட்டத்தில் அதற்கு அனுமதி கிடைத்தது 2024இல்தான். அதுவரை கை ஜாடைதான், இல்லையென்றால் ஆள் மாற்றி அனுப்பிச் சொல்லவைப்பது. 1997 நவம்பரில் தோற்காமல் வந்த ஃபுளோரிடா ஸ்டேட்டை எதிர்த்து ஸ்பரியர் ஒரு வேலை செய்தார். டக் ஜான்சன், நோவா பிரிண்டைஸ் என்று இரண்டு குவாட்டர்பேக்குகள். ஒருவர் உள்ளே ஆடும்போது மற்றவர் ஸ்பரியர் பக்கத்தில் நிற்பார். அடுத்த ப்ளே என்ன, எங்கே பார்க்க வேண்டும், காவலர்கள் எப்படி நின்றால் யாருக்கு எறிய வேண்டும் என்று காதுக்குள் சொல்லி அனுப்புவார். உள்ளே இருந்தவர் வெளியே வருவார், அவருக்கு அதற்கடுத்த ப்ளே. இப்படி ஒவ்வொரு முயற்சிக்கும் ஆளை மாற்றிக்கொண்டே இருந்தார். முடிய மூன்று நிமிடம்கூட இல்லை, நான்கு புள்ளி பின்தங்கல். ஜான்சன் உள்ளே போனார், ஜாக்குவெஸ் கிரீனுக்கு 62 யார்டு எறிந்தார். பிறகு ஃபிரெட் டெய்லர் ஓடி முடித்துவைத்தார். 32-29.

பொதுவாக இரண்டு குவாட்டர்பேக் வைத்திருக்கும் அணிக்கு ஒரு குவாட்டர்பேக்கும் இல்லை என்று அமெரிக்காவில் சொல்வார்கள். அன்று ஃபுளோரிடாவுக்கு ஒருவர்தான் இருந்தார். வைசர் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றார்.

பலிக்காத இடம்

ஃபுளோரிடாவில் 122 வெற்றி, 27 தோல்வி, ஒரு சமன். 2002இல் வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸ் என்ற என்.எஃப்.எல். அணி ஐந்து ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டு அழைத்துப்போனது. இரண்டே ஆண்டில் அவரே விலகிவிட்டார். முதல் ஆண்டு 7 வெற்றி 9 தோல்வி, அடுத்த ஆண்டு 5க்கு 11.

அதே மூளை, அதே ப்ளேக்கள். ஏன் ஓடவில்லை? கல்லூரியில் நல்ல அணிக்கும் சுமாரான அணிக்கும் ஆள் தரத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும். இடம் எங்கே காலி என்று கண்டுபிடித்தால் போதும், ஓடிப் பிடிக்க நம்மிடம் வேகமான ஆள் உண்டு. என்.எஃப்.எல்.லில் எல்லோரும் வேகம். காலி இடம் அரை நொடியில் மூடிவிடும். தூரத்துக்கு எறிய வேண்டுமென்றால் நிறைய பேரை ஓடவிட வேண்டும், அப்படி ஓடவிட்டால் குவாட்டர்பேக்கைக் காக்க ஆள் குறையும். அவருடைய இளம் குவாட்டர்பேக் பேட்ரிக் ராம்சி நிறைய அடி வாங்கினார். பழைய சீடர்களான வர்ஃபலையும் ஷேன் மேத்யூஸையும் அழைத்துவந்து பார்த்தார், அதுவும் கைகொடுக்கவில்லை. அப்புறம் வேலை நேரம். என்.எஃப்.எல். கோச்சுகள் அலுவலகத்திலேயே படுத்துத் தூங்குவதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஸ்பரியர் வேலை முடிந்தால் வீட்டுக்கும் கோல்ஃபுக்கும் போகிறவர். ஜெயிக்கும்போது அது மேதைமையாகத் தெரிந்தது, தோற்கும்போது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது.

ஆள் பிடிக்கும் வேலை

2005இல் சவுத் கரோலினா பல்கலைக்கழகம். வரலாற்றில் ஒரே ஒருமுறைதான் அந்த அணி ஒரு சீசனில் 10 ஆட்டம் ஜெயித்திருந்தது. இங்கே கோச் வேலையின் இன்னொரு பாதியைச் சொல்லியாக வேண்டும்.

தொழில்முறை அணி வீரர்களைப் பணம் கொடுத்து எடுக்கும். கல்லூரிக்கு ஆள் வருவது பள்ளிகளிலிருந்து. ஒருவர் நான்கு சீசன் ஆடலாம், பிறகு போய்விடுவார். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அணியின் ஒரு பகுதி கரைந்துகொண்டே இருக்கும், கோச் அதை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பதினேழு வயதுப் பையனின் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, அவன் அம்மாவிடம் பேசி, பக்கத்து மாநிலத்துப் பெரிய பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு எங்களிடம் அனுப்புங்கள் என்று கேட்க வேண்டும். ப்ளே வரைவதில் புலியாக இருந்து இதில் சொதப்பியவர்கள் ஏராளம்.

சவுத் கரோலினாவில் ஸ்பரியர் சொந்த மாநிலத்துப் பையன்களைக் குறிவைத்தார். மார்கஸ் லாட்டிமோர், அல்ஷான் ஜெஃப்ரி, ஸ்டீஃபன் கில்மோர், ஜடேவியன் கிளௌனி என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் மாநிலத்தின் மிகச் சிறந்த ஆட்கள் வெளியே போகாமல் இவரிடம் வந்தார்கள். இவர்களில் கிளௌனியும் கில்மோரும் தடுப்பாட்டக்காரர்கள், லாட்டிமோர் பந்தோடு ஓடுகிறவர். எறிவதற்குப் பேர்போன கோச் அறுபது வயதைத் தாண்டிய பிறகு ஓடவிடவும் தடுக்கவும் கற்றுக்கொண்டார், அல்லது அதற்கான ஆட்கள் கிடைத்ததால் அப்படி ஆடினார். 2010 அக்டோபரில் நாட்டில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 35-21 என்று வென்றார்கள். முதலிட அணியை அந்தப் பல்கலைக்கழகம் வென்றது அதுவே முதல் தடவை. 2011, 2012, 2013 மூன்று சீசனிலும் தலா 11 வெற்றி. ஃபுளோரிடாவிலும் சவுத் கரோலினாவிலும் அதிக வெற்றி பெற்ற கோச் இவர்தான்.

வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது, படிப்புச் செலவு மட்டும்தான் என்று இருந்த காலம் அது. 2011இல் ஸ்பரியர் லீக் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னார்: 70 வீரர்களுக்கு ஆட்டத்துக்கு 300 டாலர், கோச்சுகளாகிய நாங்களே எங்கள் சம்பளத்திலிருந்து தருகிறோம். சில கோச்சுகள் கையெழுத்தும் போட்டார்கள். நடக்கவில்லை. பத்து ஆண்டு கழித்து 2021இல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரங்களில் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. இப்போது கல்லூரிகளே நேரடியாகப் பணம் தருகின்றன. வேறு கல்லூரிக்குத் தாவுவதும் சுலபம். அம்மாவிடம் பேசினால் மட்டும் இப்போது போதாது.

ஆள் பிடிக்கும் வேலையில்தான் கடைசியில் அவர் சறுக்கினார். 2014 சீசன் சுமாராகப் போனபோது இன்னும் இரண்டு மூன்று வருடம் இருப்பேன் என்கிற மாதிரி பேசிவிட்டார். நான்கு வருடத்துக்கு மகனை அனுப்பப் போகிற பெற்றோருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? பிறகு நான்கைந்து வருடம் என்று திருத்திப் பார்த்தார், போட்டி அணிகள் அதற்குள் பையன்களின் வீட்டு வாசலில் நின்றுவிட்டன. 2015இல் 2 வெற்றி 4 தோல்வி என்றிருந்தபோது சீசன் நடுவிலேயே ராஜினாமா செய்தார். பையன்களைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார் என்று திட்டினார்கள், அதில் நியாயம் இருக்கிறது. மூன்று கல்லூரிகளிலும் சேர்த்து 228 வெற்றி, 89 தோல்வி, 2 சமன். கல்லூரிக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் ஆட்டக்காரராக 1986இலும் கோச்சாக 2017இலும் இடம் கிடைத்தது. இரண்டு வகையிலும் உள்ளே போனவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஃபுளோரிடாவின் மைதானம் 2016லிருந்து அவர் பெயரையும் தாங்கியிருக்கிறது.

சும்மா இருந்தாரா என்றால் இல்லை. 2019இல், எழுபத்து மூன்று வயதில், ஏ.ஏ.எஃப். என்ற புது லீக்கில் ஆர்லாண்டோ அப்பல்லோஸ் அணிக்குக் கோச். முதல் ஆட்டத்திலேயே எதிரணியை ஏமாற்றும் வித்தை ப்ளேக்களை எடுத்துவிட்டார். எட்டு ஆட்டத்தில் ஏழு வெற்றி, அட்டவணையில் முதலிடம். எட்டாவது வாரத்தோடு பணம் தீர்ந்து லீக் மூடப்பட்டது. புது லீக்கில் அவர் கோச்சாக இருந்தது அது இரண்டாவது முறை, லீக் திவாலானதும் இரண்டாவது முறை.